மெஷினை விடுங்கள், கிளவுஸைப் பாருங்கள்: டயாலிசிஸும் ஹெபடைடிஸும் பற்றி வாசகர் கேள்விகள்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வரும் ஹெபடைடிஸ் (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தொற்று பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் வரும் இடங்களில் உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கான தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்விட வேண்டாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆரம்பித்தபோது ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். இப்போது திடீரென்று சி பாசிட்டிவ் என்கிறார்கள். ரத்தம் ஏற்றியதே இல்லை. கேட்டால், 'முன்னாடியே இருந்திருக்கும், இப்பத்தான் தெரியுது' என்கிறார் அங்கே இருப்பவர். மெஷினிலிருந்து வந்திருக்குமா டாக்டர்?

பதில்: 'முன்னாடியே இருந்திருக்கும்' என்பது எல்லா நேரமும் சாக்கு இல்லை. வழக்கமாகச் செய்யும் டெஸ்ட், வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. தொற்று ஏற்பட்டு அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் தென்பட இரண்டு மூன்று மாதம் ஆகலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதைவிடத் தாமதமாகலாம், சிலருக்கு வராமலேகூடப் போகலாம். ஆகவே ஆரம்பத்தில் ஒரே ஒரு டெஸ்ட் எடுத்து, அது அந்த இடைவெளியில் மாட்டியிருந்தால் அவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்து, ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் வந்து, இந்தத் தடவை மட்டும் பாசிட்டிவ் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டயாலிசிஸ் நடக்கும் இடத்தைத்தான். இதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? இப்படிப் புதிதாக ஒருவருக்கு வந்தால் அந்த யூனிட்டில் உள்ள எல்லா நோயாளிகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், எங்கே தவறு நடந்தது என்று தேட வேண்டும், சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் வழிகாட்டு நெறிமுறைகள் எல்லாம் சொல்கின்றன. அதனால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை, 'மற்றவர்களுக்கும் டெஸ்ட் எடுத்தீர்களா?' என்ற ஒரு கேள்வி போதும்.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். எல்லோருக்கும் மெஷின் மேல்தான் சந்தேகம். ரத்தம் ஓடும் குழாயும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயலைசரும் ஒவ்வொருவருக்கும் தனி. டயலைசருக்குள் இருக்கும் சவ்வின் துளைகள் மிக நுண்ணியவை, கிழியாத வரை இந்த வைரஸ்கள் அதன் வழியே புகுந்து மறுபக்கம் போக முடியாது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ரத்தக் குழாயிலிருந்து பிரஷர் அளக்க ஒரு மெல்லிய பக்கக் குழாய் மெஷினுக்குள் போகும், அதன் முனையில் ஒரு சின்ன வட்ட ஃபில்டர் இருக்கும். பிரஷர் எகிறி ரத்தம் அந்த ஃபில்டரை நனைத்துத் தாண்டிவிட்டால் மெஷினின் உட்பகுதி அசுத்தமாகும், அப்போது அதைத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குப் போடக்கூடாது.

பெரும்பாலான தொற்று இவ்வளவு சிக்கலான வழியில் வருவதில்லை. கையால் வருகிறது. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த அவசர நேரத்தில் யூனிட்டை உற்றுப் பாருங்கள். ஒரு கட்டிலில் ஊசியை எடுத்துவிட்டு ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக் குழாயை) அழுத்திப் பிடித்திருக்கிறார் ஊழியர் ஒருவர், கிளவுஸில் ரத்தம். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடிக்கிறது. அதே கிளவுஸோடு எட்டி அந்த மெஷினின் பட்டனை அமுக்கி அலாரத்தை நிறுத்துகிறார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர் வந்து அதே பட்டனைத் தொட்டுவிட்டு அந்த நோயாளியின் கையில் ஊசி குத்துகிறார். முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ரத்தம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் மருந்து பாட்டில். ஒரே பாட்டிலிலிருந்து பலருக்கு மருந்து எடுப்பது, அதுவும் கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் வைத்து எடுப்பது. உலகெங்கும் டயாலிசிஸ் யூனிட்டுகளில் பரவிய ஹெபடைடிஸை விசாரித்தபோது கிளவுஸ் மாற்றாதது, பொது மருந்து பாட்டில், சரியாகத் துடைக்காத நாற்காலியும் கட்டிலும், இவைதான் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள்.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியது பிசிஆர் டெஸ்ட். வைரஸ் உண்மையிலேயே ரத்தத்தில் ஓடுகிறதா என்பது அதில்தான் தெரியும். ரத்தத்தை டயாலிசிஸ் தொடங்கும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸில் வைரஸ் அளவு கொஞ்சம் இறங்கலாம், ஹெப்பரின் கலந்த ரத்தம் பிசிஆரையே குழப்பிவிடும். வைரஸ் இருக்கிறது என்று வந்தாலும் பயப்படாதீர்கள், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் யூனிட்டில் ஹெபடைடிஸ் பி உள்ளவரைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சி உள்ளவர்கள் எங்களோடுதான் படுத்திருக்கிறார்கள். இது என்ன நியாயம்? சி மட்டும் பரவாதா?

பதில்: சியும் பரவும். ஆனால் இரண்டுக்கும் நடத்தையில் பெரிய வித்தியாசம் உண்டு. பி வைரஸ் உள்ளவரின் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கலாம். அது காய்ந்த பிறகும் மேசை, கைப்பிடி, கத்தரிக்கோல் போன்றவற்றின் மேல் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு பி நோயாளியின் ஊசி குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. சி என்றால் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குள். அதனால்தான் பிக்குத் தனி அறை, தனி மெஷின், தனி உபகரணம். அந்த ஷிஃப்டில் அவரைக் கவனிக்கும் நர்ஸ், பி வைரஸுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத இன்னொரு நோயாளியை அதே நேரத்தில் கவனிக்கக்கூடாது. பி உள்ளவரின் டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

இந்த விதிகளை யாரோ மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. 1969-70இல் எடின்பரோவில் ஒரு சிறுநீரகப் பிரிவில் ஹெபடைடிஸ் பி பரவி நோயாளிகளோடு ஊழியர்களும் இறந்தார்கள். அதையடுத்து 1972இல் ரோசன்ஹெய்ம் குழு பிரிட்டனில் அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவில் 1977இல் பி உள்ளவர்களைத் தவறாமல் டெஸ்ட் செய்து தனியாக வைக்க வேண்டும் என்று பரிந்துரை வந்தது. அப்போது தடுப்பூசியே கிடையாது, அது 1981இல்தான் வந்தது. ஆனாலும் தனி அறை, தனி மெஷின், கை சுத்தம் என்ற இவற்றாலேயே சில ஆண்டுகளில் தொற்று மளமளவென்று இறங்கிவிட்டது.

சி விஷயத்தில், கையுறையும் கை கழுவலும் மருந்து தயாரிக்கும் இடமும் சரியாக இருந்தால் தனி மெஷின் தேவையில்லை என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். தனியாக வைத்தால் இன்னொரு ஆபத்து உண்டு: 'சி எல்லாம் அந்தப் பக்கம்தானே' என்று இந்தப் பக்கம் கை கழுவுவதில் அலட்சியம் வந்துவிடும். டெஸ்டில் இன்னும் தெரியாத சி நோயாளி இந்தப் பக்கமே படுத்திருக்கலாம். சுத்தத்தை நம்ப முடியாத யூனிட்டுகளில் சிலர் தனி மெஷின் வைக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து உங்களுக்கு வைரஸ் தானாக நடந்து வராது, யாராவது ஒருவர் கையால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்று. டைட்டர் (ஊசியால் ரத்தத்தில் உண்டான ஆன்டிபாடியின் அளவு) பார்த்ததில் 6 என்று வந்திருக்கிறது. ஊசி வீண்தானா?

பதில்: வீண் இல்லை, ஆனால் நீங்கள் இப்போதைக்குப் பாதுகாப்பில் இல்லை. அந்த எண் 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான இளைஞர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த ஊசி பிடித்துக்கொள்ளும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்த அளவுக்குப் பிடிக்காது. சிறுநீரகம் பழுதானால் நோய் எதிர்ப்பு மண்டலமும் மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை டோஸ். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம் போடும் பிராண்டாக இருந்தால் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் 40, அதுவும் 0, 1, 2, 6ஆம் மாதங்களில் என்று நான்கு தடவை. 40 மைக்ரோகிராமிலேயே தனியாக வரும் இன்னொரு வகையை 0, 1, 6ஆம் மாதங்களில் என்று மூன்று தடவை போடுவார்கள். முதலில் உங்கள் ஊசிச் சீட்டை எடுத்து இதைச் சரிபாருங்கள். எத்தனையோ பேருக்குச் சாதாரண டோஸைப் போட்டுவிட்டு, 'பிடிக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அதேபோல் ஊசி தோள்பட்டைத் தசையில் போட்டதாக இருக்க வேண்டும், பிட்டத்தில் போட்டால் சரியாக வேலை செய்யாது. டைட்டரை எப்போது பார்த்தார்கள் என்பதும் முக்கியம், கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் 6 என்றால் முழு கோர்ஸையும் இன்னொரு முறை போடுவார்கள். இரண்டாம் முறையில் கணிசமானவர்களுக்கு ஏறிவிடுகிறது. அப்போதும் ஏறாவிட்டால் உங்களைப் 'பாதுகாப்பு இல்லாதவர்' என்று கணக்கில் வைத்து மாதந்தோறும் ஹெச்பிஎஸ்ஏஜி (பி தொற்று இருக்கிறதா என்று பார்க்கும்) டெஸ்ட் எடுக்க வேண்டும், பி நோயாளியின் அறைப் பக்கம் உங்களைப் படுக்கவைக்கக்கூடாது.

ஏறியவர்களும் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. மற்றவர்களுக்கு ஒருமுறை ஏறினால் பிறகு அளவு குறைந்தாலும் உடம்பு ஞாபகம் வைத்திருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த ஞாபகத்தை நம்ப முடியாது. அதனால் வருடம் ஒருமுறை டைட்டர், 10க்குக் கீழே போனால் ஒரு பூஸ்டர். இன்னொன்று, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் கொஞ்சமாவது வேலை செய்யும்போது போட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். டயாலிசிஸ் தொடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

கேள்வி: தடுப்பூசி போட்டு ஒரு வாரத்தில் ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்! ஊசியே நோயைக் கொடுத்துவிட்டதா?

பதில்: இல்லை. ஊசியில் இருப்பது வைரஸின் வெளிப்புறப் புரதம் மட்டும், அதைத்தான் அந்த டெஸ்டும் தேடுகிறது. ஊசி போட்ட புதிதில் அந்தப் புரதம் ரத்தத்தில் சுற்றுவதால் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரண்டு மூன்று வாரம் வரைகூட அப்படி இருக்கலாம். ஒரு மாதம் விட்டு மறுபடி எடுங்கள். அவசரமாகத் தெரிய வேண்டுமானால் பி வைரஸின் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு சி இருக்கிறது என்கிறார்கள். ஆனால் மஞ்சள் காமாலை வரவில்லை, கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்ஜிபிடி டெஸ்டும் நார்மல். ரிப்போர்ட் தப்பாக இருக்குமோ?

பதில்: தப்பாக இருக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எஸ்ஜிபிடி இயல்பாகவே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். லேப் சீட்டில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' எல்லை சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களை வைத்துப் போட்டது. உங்களுக்கு வழக்கமாக 12, 14 என்று வந்துகொண்டிருந்த எண் இந்த மாதம் 34 என்று வந்தால், சீட்டில் நார்மல் என்றே இருக்கும், ஆனால் உங்களைப் பொறுத்தவரை அது எகிறியிருக்கிறது. அதனால்தான் மாதாமாதம் எஸ்ஜிபிடி பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், போன மாதத்தோடு ஒப்பிட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. காரணம் இல்லாமல் ஏறினால், ஆன்டிபாடி நெகட்டிவாக இருந்தாலும் பிசிஆர் கேளுங்கள்.

மஞ்சள் காமாலை வராததில் ஆச்சரியமே இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு பியோ சியோ தொற்றும்போது பெரும்பாலும் கண் மஞ்சளாவதில்லை, வாந்தி இல்லை. களைப்பு மட்டும் இருக்கும். அதை டயாலிசிஸ் களைப்பு என்று விட்டுவிடுவோம். எதிர்ப்புச் சக்தி சண்டை போட்டால்தானே கல்லீரல் கொதிக்கும், இவர்களுக்குச் சண்டை மந்தம். அந்த மந்தத்தினாலேயே வைரஸ் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு பி வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானாகப் போய்விடும், டயாலிசிஸில் இருப்பவர்களில் அதைவிட எவ்வளவோ பேருக்கு நிரந்தரமாக நின்றுவிடுகிறது.

கேள்வி: கிட்னி ஃபெயிலியர் உள்ளவர்களுக்கு சி மருந்து கொடுக்க முடியாது என்று முன்பு சொன்னார்கள். இப்போது முடியும் என்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும் அந்தந்தக் காலத்தில் உண்மை. 1989இல்தான் சி வைரஸையே கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்னால் 'ஏயும் இல்லை பியும் இல்லை' என்றுதான் பெயர். பிறகு நெடுங்காலம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான். இன்டர்ஃபெரான் போட்டால் காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு. ரிபாவிரின் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டிய மருந்து, சிறுநீரகம் இல்லாதவருக்கு அது உடம்பிலேயே தங்கி ரத்த அணுக்களை உடைத்து ஹீமோகுளோபினைத் தரைமட்டமாக்கிவிடும். ஏற்கெனவே 9, 10 என்று இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அதை யார் துணிந்து கொடுப்பார்கள்? பாதியில் நிறுத்தியவர்களே அதிகம்.

இப்போது வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள். கிளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் ஒரு சேர்க்கை, சோஃபோஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் இன்னொன்று. எட்டு முதல் பன்னிரண்டு வாரம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் குணமாகிறது, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அதே அளவுதான். சோஃபோஸ்புவிர் டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கூடாது என்ற தயக்கம் சில ஆண்டுகள் இருந்தது, 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. 'கிட்னி இல்லாதவருக்கு இது ஆகாது' என்று இன்னும் யாராவது சொன்னால் அவர் பழைய பாடத்தைச் சொல்கிறார்.

கவனிக்க வேண்டியவை உண்டு. நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் முழுப் பட்டியலையும் டாக்டரிடம் கொடுங்கள். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவருக்கு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வலிப்பு மாத்திரைகள் சில, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கொழுப்புக்கான ஸ்டாட்டின்கள், வயிற்று எரிச்சலுக்குக் கேட்காமலே வாங்கிப்போடும் அமிலக் குறைப்பு மாத்திரை, எல்லாம் மோதும். தொடங்கும் முன் பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், சியை விரட்டும்போது மறைந்திருந்த பி தலைதூக்கிக் கல்லீரலைச் சேதப்படுத்தியிருக்கிறது. கல்லீரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று அறிய ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னால் டயாலிசிஸ் முடிந்தபின் எடுங்கள், உடம்பில் நீர் தேங்கியிருந்தால் எண் வீணாகக் கூடுதலாகக் காட்டும்.

மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து பிசிஆர் நெகட்டிவ் என்றால் குணம். ஆனால் ஆன்டிபாடி டெஸ்ட் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். இங்கேதான் பலருக்கு அநியாயம் நடக்கிறது. குணமான பிறகும் அந்தப் பழைய சீட்டைப் பார்த்து 'சி பாசிட்டிவ்' என்று ஃபைலில் சிவப்பில் எழுதிவிடுகிறார்கள், இன்னொரு யூனிட்டுக்குப் போனால் சேர்க்க மறுக்கிறார்கள். பிசிஆர் ரிப்போர்ட்டின் நகலைப் பையிலேயே வைத்திருங்கள். மறுபடியும் தொற்றாது என்ற உத்தரவாதமும் கிடையாது, ஆன்டிபாடி உங்களைக் காப்பாற்றாது. ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் தொடரும், அது பிசிஆராகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: கணவருக்கு பி பாசிட்டிவ். தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டோம். குழந்தைகளை அவர் பக்கம் விடுவதில்லை. இது போதுமா?

பதில்: இதெல்லாம் தேவையே இல்லை அம்மா. பியும் சியும் சாப்பாட்டிலோ தண்ணீரிலோ தொடுவதிலோ இருமலிலோ பரவாது. சாப்பாடு, தண்ணீர் வழியாகப் பரவும் ஏ, இ என்ற வேறு வைரஸ்களோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தட்டைச் சேர்த்தே கழுவுங்கள், குழந்தைகள் அப்பா மடியில் உட்காரட்டும். தனியாக வைக்க வேண்டியவை ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி. ஃபிஸ்டுலாவிலிருந்து ரத்தம் கசிந்த பஞ்சை வெறும் கையால் எடுக்காதீர்கள். முக்கியமானதை நீங்கள் எழுதவில்லை: உங்களுக்கும் குழந்தைகளுக்கும் டெஸ்ட் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்து, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பி தாம்பத்ய உறவில் பரவும், உங்களுக்கு ஊசி பிடித்தது உறுதியாகும் வரை ஆணுறை அவசியம்.

கேள்வி: பிக்கு மருந்து வாழ்நாள் முழுக்கவா? எனக்கு வாரத்துக்கு ஒரே மாத்திரை என்று எழுதியிருக்கிறார், மறந்து எழுதிவிட்டாரோ?

பதில்: மறக்கவில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கு என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் வாரம் ஒன்று என்பது சரியான அளவுதான், மற்றவர்கள் தினம் சாப்பிடுவார்கள். டெனோஃபோவிரின் பழைய வகையும் வாரம் ஒன்றுதான், புதிய வகை தினசரி. எதுவானாலும் டயாலிசிஸ் நாளில் டயாலிசிஸ் முடிந்த பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் மருந்தில் ஒரு பகுதியை மெஷின் இழுத்துக்கொண்டு போய்விடும். என்டெகாவிர் வெறும் வயிற்றில். சி மாதிரி பியை முழுதாகத் துடைத்தெடுக்கும் மருந்து இன்னும் இல்லை, அடக்கித்தான் வைக்கலாம், அதனால் பெரும்பாலானவர்களுக்கு நீண்டகாலம் தேவைப்படும். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் வெறிகொண்டு திரும்பிக் கல்லீரல் செயலிழக்கும் வரை போகலாம்.

கேள்வி: காமாலைக்கு மூலிகைப் பொடி சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அதில் பொட்டாசியம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, உங்கள் சிறுநீரகத்தால் அதை வெளியேற்றவும் முடியாது. வைரஸ் மாத்திரைகளோடு மோதும் மூலிகைகளும் உண்டு.

கேள்வி: நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். எல்லோரும் எங்களையே குறை சொல்கிறார்கள். ஆள் பற்றாக்குறையில் ஷிஃப்ட் மாறும்போது மூச்சுவிட நேரமில்லை. உண்மையில் எதையெல்லாம் விடவே கூடாது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆள் குறைவாக வைத்துவிட்டுக் கை கழுவவில்லை என்று திட்டுவது எளிது. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே போதிய இடைவெளி விடாத நிர்வாகம்தான் இதில் முதல் குற்றவாளி, அதை நோயாளிகளும் சேர்ந்து கேட்க வேண்டும்.

விடக்கூடாதவற்றில் முதலில் கிளவுஸ். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அதே கிளவுஸ் போகக்கூடாது, அலாரத்தை நிறுத்தக்கூட. கிளவுஸைக் கழற்றியதும் கையைச் சுத்தம் செய்யாமல் புதியதைப் போடுவது பாதி வேலைதான். அடுத்து மருந்து. ஹெப்பரினோ, ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொய்டினோ, கட்டில்களிலிருந்து தள்ளி ஒரு சுத்தமான மேசையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஊசியில் எடுத்து, அவரவரிடம் மட்டும் கொண்டுபோங்கள். கொண்டுபோய்ப் பயன்படுத்தாமல் மிஞ்சியது திரும்ப அந்த மேசைக்கு வரக்கூடாது, பிளாஸ்டரும் அப்படித்தான். பாக்கெட்டில் பிளாஸ்டர் சுருளை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கிழித்து ஒட்டும் பழக்கம் எனக்குத் தெரியும், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்றாவது துடைப்பது. முதல் நோயாளி எழுந்து போன பிறகுதான் துடைக்க வேண்டும், அவர் நாற்காலியில் இருக்கும்போதே பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தால் கணக்கில் வராது. மெஷினின் முகப்பு, பட்டன்கள், நாற்காலியின் கை, ரத்த அழுத்தப் பட்டை, கழிவு வாளி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சை நூறில் ஒரு பங்காகக் கலந்தால் போதும், ரத்தம் சிந்திய இடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. அப்புறம், உங்களுடைய டைட்டர் எவ்வளவு? ஊசி போட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், எண்ணைத் தெரிந்து வைத்திருங்கள்.

கேள்வி: சி இருந்தால் சிறுநீரக மாற்று அறுவை செய்ய முடியாதா? பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்களா?

பதில்: சி இருப்பது மட்டுமே காரணமாக யாரையும் எடுக்கக்கூடாது. எப்போது மருந்து கொடுப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது. குடும்பத்தில் ஒருவர் சிறுநீரகம் தரத் தயார், தேதி பக்கத்தில் இருக்கிறது என்றால் முன்போ பின்போ இரண்டும் சரி. இறந்தவரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர் என்றால், சி உள்ள கொடையாளரின் சிறுநீரகத்தை ஏற்கத் தயாராக இருந்தால் சில இடங்களில் சீக்கிரம் கிடைக்கும், அப்போது மருந்தை அறுவைக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். இப்போதைய மாத்திரைகள் வந்தபின் சி இல்லாத நோயாளிக்குக்கூட அப்படிப்பட்ட சிறுநீரகத்தை வைத்து, பிறகு மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். கல்லீரல் சுருங்கி அதன் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருந்தால் மட்டும் கதை வேறு, சிறுநீரகத்தோடு கல்லீரலும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கலாம்.

பி உள்ளவர்களுக்கும் மாற்று அறுவை உண்டு. ஆனால் அதற்குப்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் பி மாத்திரை நிற்கக்கூடாது. எப்போதோ பி வந்து தானாகப் போய்விட்டது, ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், கோர் ஆன்டிபாடி (பி எப்போதோ தொற்றியதைக் காட்டும் ஆன்டிபாடி) மட்டும் பாசிட்டிவ் என்பவர்களும் அதை மாற்று அறுவைக் குழுவிடம் மறக்காமல் சொல்லுங்கள். கல்லீரலுக்குள் ஒளிந்திருக்கும் கொஞ்சநஞ்ச வைரஸ் அந்த மருந்துகளில் விழித்துக்கொள்ளலாம், அதனால் உங்களுக்கும் மாத்திரை கொடுப்பதா, அடிக்கடி டெஸ்ட் எடுத்துக் கண்காணித்தால் போதுமா என்று அறுவைக்கு முன்பே அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.